கெட்ட பேர் எடுக்காத பிள்ளை

போன மாரியில் பேரனுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் வேலை. அதனால் நான் போனேன். இந்த வயதில் பெற்றார் கூட்டத்துக்குப் போகிறவள் டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஒரு டேனிஷ் பெண் படம் காட்டிக் கதைத்தாள். அங்கே கறுப்பினப் பையன்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பையன்களும் எப்படிப் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள், படிக்கக்கூடிய பிள்ளைக்கு எப்படிப் படிப்பு வராது என்ற பேர் ஒட்டுகிறது, அதை மாற்றச் சில பள்ளிக்கூடங்கள் என்ன செய்கின்றன என்று விளக்கினாள். ஒவ்வொரு பையனையும் நன்றாக அறிந்த ஒரு பெரிய ஆள் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டுமாம். அவனிடம் குறைவாக எதிர்பார்க்கக்கூடாதாம். அவன் பேசாமல் இருந்தால் ஏன் என்று கேட்கவேண்டுமாம். வீட்டுக்காரரோடு அவர்களுக்கு விளங்குகிற மாதிரிக் கதைக்கவேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா மட்டும் போகவேண்டுமா? இந்த ஊரிலேயே, பஸ்ஸில் ஏறினால் நாலு தரிப்பிடம் தள்ளி, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் நான் தேத்தண்ணியும் ஊற்றித் தந்து சொல்லியிருப்பேனே. முப்பது வருசத்துக்கு மேலாகிறது. ஒருத்தரும் தட்டவில்லை.

கடைசியில் ஆளுக்கொரு கடதாசித் துண்டு தந்து, பள்ளிக்கூடம் என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னார்கள். நான் என்னுடைய உடைந்த டேனிஷில் ஒரு வரி எழுதினேன்: தாய் சொல்வதைப் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பெண் அதை வாசித்துவிட்டு, நல்ல விசயம், இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சமாகச் சொல்லக்கூடிய கதையா அது?

என் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாய் ஓயமாட்டான். நித்திரையிலும் கதைப்பான். கிரிக்கெட் வர்ணனையை அப்படியே ஒப்பித்துக்கொண்டு கிணற்றடியில் நின்று குளிப்பான். பக்கத்து வீட்டார் அவனுக்கு வைத்த பட்டப் பெயர் றேடியோ. "இந்த றேடியோவை ஒருக்கா நிப்பாட்டு" என்று நானே எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளியோடு பாஸ் பண்ணினான். கணக்கென்றால் அவனுக்குக் கடலை கொறிக்கிற மாதிரி.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளையை வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற சீவியம். ஆமி பிடித்தாலும் பிடிக்கும், இயக்கத்துக்குப் போனாலும் போவான். வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இரண்டு பேருக்குத்தான் வழி இருக்கிறது என்றான். என் மனுசனும் பிள்ளையும் வெளிக்கிட்டார்கள். பிள்ளைக்குப் பதினொரு வயது. "போன கையோடை உம்மைக் கூப்பிட்டுப் போடுவன்" என்று இவர் சொன்னார். நானும் நம்பினேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அவர்களுக்கு டென்மார்க்கில் அகதி அனுமதி கிடைத்தது. என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அதோடு சரி. மாதங்கள் போயின, வருசம் போனது, மற்ற வருசமும் போனது. கேட்டால் இன்னும் பார்க்கவில்லை என்று பதில். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிளந்து கிடந்தன. நான் அங்கே செல்லடிக்குள் பங்கருக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். இவர் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் விடிகிறதுக்கு முதல் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை தானே எழும்பி, தானே பாணில் எதையோ பூசி எடுத்துக்கொண்டு, இருட்டுக்குள் பள்ளிக்கூடம் போனான். அவனைத் தட்டி எழுப்ப ஒரு ஆள் வீட்டில் இல்லை.

அந்த வருசங்களில் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். இவர் சொன்னது பாதி, பிறகு பிள்ளை சொன்னது பாதி.

முதலில் அவனை அவனுடைய வயதுப் பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் விட்டிருக்கிறார்கள். அவன் வாய் திறக்கவில்லை. கை உயர்த்தவில்லை. ஆசிரியர் கதைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் அது அடக்கம். இங்கே அது வேறு. கொஞ்சக் காலம் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாத மனிதர். உங்கள் மகனுக்கு வகுப்போடு ஓட முடியவில்லை, பிள்ளைகள் குறைந்த சிறிய வகுப்பொன்று இருக்கிறது, அங்கே விடலாம் என்று நினைக்கிறோம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

இவர் என்ன சொல்லியிருப்பார் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்று, "நீங்கள் பாத்து என்ன செய்தாலும் சரி சேர். இனி இவன் உங்கடை பிள்ளை" என்றிருக்கிறார். அதுதானே எங்கள் வழக்கம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற தகப்பன் அப்படித்தான் ஒப்படைப்பான். கண்ணிரண்டையும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமென்றாலும் அடியுங்கோ என்று சொல்கிற தகப்பன்மாரும் இருந்தார்கள். நல்லகாலம், இவர் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பொலிஸ் வந்திருக்கும். ஊரில் இந்தச் சொல்லைக் கேட்ட வாத்தியாருக்குத் தலையில் ஒரு பாரம் ஏறும். தன் பிள்ளையை விட இந்தப் பிள்ளையைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு விளங்கும். இங்கே அந்தப் பாரம் ஏறவில்லை. தகப்பனுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவர் சொன்னதை டேனிஷில் மாற்றிச் சொன்னதும் யார்? பிள்ளைதான். தன்னை எங்கே தள்ளப்போகிறார்கள் என்று தானே கேட்டு, தானே தகப்பனுக்குச் சொல்லி, தகப்பன் சொன்னதைத் தானே திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

இவர் எனக்குச் சந்தோசமாக எழுதினார். நாலே நாலு பிள்ளைகளாம், அவர்களுக்கென்று தனியாக ஒரு ஆசிரியையாம், ஊரில் பெரிய டியூட்டரிகளில்கூட இப்படிக் கவனிப்பு இல்லையாம். நானும் ஒரு விசரி, பிள்ளையாருக்கு மோதகம் அவித்துப் படைத்து ஒழுங்கை முழுக்கக் குடுத்தேன். "என்ரை பிள்ளையைத் தனியாத் தெரிஞ்செடுத்துப் படிப்பிக்கினம்" என்று வாசலில் நின்று சொன்னேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒருவழியாக எனக்கு அனுமதி வந்தது. ஒரு மாரி காலத்தில் வந்து இறங்கினேன். என்னை விட உயர்ந்த ஒரு பொடியன் எனக்கென்று ஒரு தடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "வாங்கோ அம்மா" என்றான். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை. கோட்டை விரித்துப் பிடித்தபடி நான் கைகளை நுழைக்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றான். வீடு வரும் வரை றெயிலில் ஒரு சொல் இல்லை. களைப்பு என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும், கேட்டால் "ஓம்", கேட்டால் "இல்லை", அவ்வளவுதான். எங்கே என்னுடைய றேடியோ?

அந்தக் கிழமையே அவனுடைய பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்த்தேன். தாய் திறக்காமல் வேறு யார் திறப்பது? உள்ளே கணக்குத் தாள்கள். இருபத்திநாலும் பதினேழும் எத்தனை. பக்கத்தில் ஆப்பிள் பழங்கள் கீறி, எண்ணி நிறம் தீட்டச் சொல்லியிருந்தது. என் பிள்ளை, மீசை அரும்புகிற பிள்ளை, ஒரு கோடும் வெளியே போகாமல் அந்த ஆப்பிள்களுக்குச் சிவப்பு நிறம் தீட்டியிருந்தான்.

அடுத்த நாள் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீண்ட நடைபாதையின் கடைசி அறையில் இருந்தான். அவனோடு இன்னும் மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குத் தன் கையைத் தன் விருப்பப்படி அசைக்க முடியவில்லை. இன்னொன்று கரடிப் பொம்மையோடு நிலத்தில் படுத்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு அப்படியொரு அறையும், அப்படியொரு பொறுமைசாலி ஆசிரியையும் வேண்டும். ஊரில் அப்படிப் பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தோம், இங்கே பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், அது பெரிய விசயம். ஆனால் என்னுடைய பிள்ளைக்கு அந்த அறையில் என்ன வேலை? ஆசிரியை சிரித்துக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். பிள்ளை என்னையும் சோற்றுப் பொதியையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணால் போங்கோ என்று கெஞ்சினான். பொதியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, சைக்கிள்கள் நிற்கிற கொட்டிலுக்குள் நின்று அழுதேன்.

இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே நான் தொடங்கிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையை எங்கை கொண்டுபோய் விட்டிருக்கிறீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அவை படிச்ச ஆக்களப்பா. அவைக்குத் தெரியாததோ?"

"அவைக்கு இவனைத் தெரியுமோ? இவன் ஸ்கொலசிப் பாஸ் பண்ணினவன் எண்டு சொன்னனீங்களோ?"

"அதையெல்லாம் போய்ப் பீத்திக்கொண்டிருக்கிறதே? வந்து ஒரு கிழமை ஆகேல்லை. கொஞ்சம் பேசாமல் இரும்."

"பேசாமல் இருந்துதானே இந்தக் கோலம்."

இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிள்ளை அறைக்குள் இருந்தான். கதவு நீக்கலாக இருந்தது, கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

எப்படியோ இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒரு சந்திப்புக்கு ஒழுங்கு செய்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை திரும்பத் தன் வயதுப் பிள்ளைகள் இருக்கிற பெரிய வகுப்புக்குப் போகவேண்டும். அங்கே இருந்து கடைசிப் பரீட்சை எழுதினால்தான் கிம்னாசியத்துக்குப் போகலாம். கிம்னாசியம் என்பது இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு. அந்தச் சிறிய அறையில் இருந்து ஒருவரும் கிம்னாசியத்துக்குப் போனதில்லை. இந்தச் சந்திப்பில் அது நடக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு வழி அடைபட்டுப்போகும். இங்கே முந்தி வந்த தமிழ்ச் சனம் சொல்லி இது எனக்குத் தெரிந்திருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. மேசையில் மெழுகுதிரி கொளுத்தி, பிளாஸ்கில் கோப்பியும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியரும் சின்ன வகுப்பு ஆசிரியையும் ஒரு பக்கம். நானும் இவரும் மறுபக்கம். மகன் நடுவில். மொழிபெயர்க்க வேறு யாரும் வருவார்களா என்று கேட்டேன். "தம்பி நல்லா டேனிஷ் கதைப்பான்தானே" என்றார் இவர்.

தலைமை ஆசிரியர் வரவேற்றார். நான் விட்டுக்குடுக்கவில்லை. நாடகத்தில் வசனம் பாடமாக்கின மாதிரி இரவிரவாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"இவன்ரை மூளையிலை ஒரு குறையும் இல்லை. பத்து வயசிலை இவன் செய்த கணக்கு, இப்ப நீங்கள் குடுக்கிற கணக்கிலும் பாக்க எவ்வளவோ பெரிசு. இவ்வளவு காலமா ஒரு பிள்ளை வாய் திறக்காமல் இருக்குது, ஏன் எண்டு உங்களிலை ஒருதரும் கேக்கேல்லையே? தாய் பக்கத்திலை இல்லாத பிள்ளை எண்டு ஒருதரும் யோசிக்கேல்லையே? இவனைப் பெரிய வகுப்பிலை கொண்டுபோய் இருத்துங்கோ. கஷ்டப்பட்டாப் படட்டும். ஆப்பிளுக்கு நிறம் தீட்டவோ நான் இவனைக் கடல் கடந்து அனுப்பினனான்?"

மகன் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு மெதுவாக, ஒரே ஒரு வசனம் சொன்னான். அந்த வசனம் 'தாக்' என்று முடிந்தது.

தலைமை ஆசிரியர் முகம் மலர்ந்தது. ஆசிரியை நெஞ்சில் கையை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு சில கிழமைதான். எனக்குத் தெரிந்த டேனிஷ் சொற்களைக் கை விரலில் எண்ணிப்போடலாம். ஆனால் தாக் எனக்குத் தெரியும். கடையில் மிச்சக் காசு தரும்போது சொல்கிறார்கள், பஸ்ஸால் இறங்கும்போது சொல்கிறார்கள். தாக் என்றால் நன்றி. நான் அவ்வளவும் ஏச, என் பிள்ளை அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"நான் சொன்னதைச் சொல்லு தம்பி" என்றேன். அவன் இன்னொரு வசனம் சொன்னான். அதிலும் தாக் இருந்தது.

பிறகு ஆசிரியை அவன் பக்கம் சாய்ந்து, அன்பாக ஏதோ கேட்டாள். நீ என்ன விரும்புகிறாய் என்று கேட்டாளாம். இங்கே அதுதான் வழக்கம், பிள்ளையைக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை அதற்கு என்ன செய்வான்? தகப்பனைப் பார்த்தான். இவர், "டீச்சர் என்ன சொல்லுறாவோ அதுதான்" என்றார். அதை மகன் சொன்னதும், ஆசிரியை தலையை ஆட்டி, இல்லை, அவன்தான் சொல்லவேண்டும் என்றாள். மகன் திரும்பவும் தகப்பனைப் பார்த்தான். பந்து கை மாறுகிற மாதிரி அது அந்த மேசையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து முடித்தார்கள். தலைமை ஆசிரியர் எழும்பி எல்லோருக்கும் கை குடுத்தார். மெழுகுதிரியை ஆசிரியை ஊதி அணைத்தாள். பிள்ளை அதே அறையில்தான் இருந்தான்.

இவர் அந்தக் கிழமை பின்னேர வேலை, நேரமாகிறது என்று அங்கேயிருந்தே சைக்கிளில் போய்விட்டார். நானும் மகனும் பனிக்குள் நடந்து வந்தோம். பாலம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏனடா அப்படிச் செய்தனி? நான் என்ன சொன்னன், நீ என்ன சொன்னனி?"

அவன் நின்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வந்த நாளில் இருந்து அவன் என்னோடு கதைத்த பெரிய கதை அதுதான்.

"அப்பா சொன்னவர் அம்மா. இஞ்சை கெட்ட பேர் எடுக்கக்கூடாது எண்டு. கெட்ட பேர் எடுத்தா அம்மாவை விடமாட்டினம் எண்டு. வகுப்பிலை பொடியள் என்ரை தொப்பியை எடுத்துக் குப்பைக்குள்ளை போட்டவங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லை. கணக்குக்கு விடை தெரியும். பிழையாச் சொல்லிப்போட்டா எழுதி வைப்பினம் எண்டு நினைச்சன். டேனிஷும் பிழை வரும்தானே. அதாலை கதைக்கேல்லை."

"இப்ப நான் வந்திட்டன்தானே ராசா" என்றேன். "இனி என்ன பயம்? இனிக் கதைக்கலாம்தானே?"

"இல்லை அம்மா" என்றான். "நீங்கள் அங்கை அப்படிச் சண்டை பிடிச்சா, உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அவனுடைய கையைப் பிடித்தேன். கையுறைக்குள் கை விறைத்துப்போய் இருந்தது.

இவர் வேலையால் வந்ததும் கேட்டேன், அப்படிச் சொன்னீர்களா என்று. "சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல?" என்றார். "வேறை என்ன எங்கடை கையிலை இருந்தது? நல்ல பேர் ஒண்டுதானே." மனுசன் கெட்ட மனுசன் இல்லை. பயந்த மனுசன்.

நான் டேனிஷ் படிக்கப் போனேன். வெறி பிடித்த மாதிரிப் படித்தேன். குசினிச் சுவரெல்லாம் சொற்கள் எழுதி ஒட்டினேன். வாயில் நுழைகிற அளவுக்கு வந்ததும், மொழிபெயர்ப்பாளன் இல்லாமல், மகன் இல்லாமல், இவர் இல்லாமல், தனியே அந்த ஆசிரியையிடம் போனேன். பிள்ளை ஏன் கதைக்கவில்லை என்று அவளுக்கு விளங்கும் வரைக்கும் சொன்னேன். இலக்கணமெல்லாம் கையும் காலும் முறிந்துதான் வந்திருக்கும். ஆனால் அவளுக்கு விளங்கியது. பிறகு, "ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"ஏன் யாரும் எங்களைக் கேட்கவில்லை?" என்றேன் நான்.

அவள் கோபப்படவில்லை. நேரே தலைமை ஆசிரியரிடம் போனாள். அவளாலேதான் கடைசி வருசத்தில் மகனைப் பெரிய வகுப்பில் போட்டார்கள். பின்னேரங்களில் தன் நேரத்தில் அவனோடு இருந்து விட்டுப்போன பாடங்களைப் படிப்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நத்தாருக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறேன். எழுதுகிற கணக்குப் பரீட்சையில் அவன் வகுப்பில் முன்னுக்கு வந்தான். என்ன பிரயோசனம், இந்த நாட்டில் பாதிப் பரீட்சை வாயால்தானே நடக்கும்.

பச்சைத் துணி விரித்த மேசைக்கு முன்னால் பிள்ளையை இருத்தி, வெளியில் இருந்து வந்த ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கதை என்பார்கள். கதைத்தால் புள்ளி. நானும் அந்தச் சின்ன வகுப்பு ஆசிரியையும் நடைபாதை வாங்குப் பலகையில் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, மகன் வந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியாததையோ ராசா கேட்டவை?"

"தெரியும்."

"பிறகு?"

"வாய் வரேல்லை அம்மா."

கிம்னாசியத்துக்கு இவன் பொருத்தமில்லை என்று பள்ளிக்கூடம் முடிவு சொன்னது. இன்னொரு வருசம் படிக்கலாம் என்றார்கள். அவன் வேண்டாம் என்றான். தகப்பனோடு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனான். அங்கே அவனைப் பற்றி ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான், ஒன்றும் கதைக்கமாட்டான். எங்கே போனாலும் நல்ல பேர். அந்த நல்ல பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரியும்.

பிறகு ஒரு நாள், மகன் வேலைக்குப் போகத் தொடங்கிச் சில வருசத்தால், பின்னேரச் செய்தியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். தமிழர் வழக்கு என்று நாடு முழுக்கக் கதை. பிரதமர் பதவி விலகுகிறார் என்றார்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது, செய்திக்காரர் விரைவாகக் கதைப்பார். இவருக்கு அதுவும் இல்லை. மூன்று பேரும் ஒரே சோபாவில் இருந்தோம்.

"என்னவாம் தம்பி?" என்று இவர் கேட்டார்.

மகன் மொழிபெயர்த்தான். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடவில்லை. "அந்த நேரம் அமைச்சராயிருந்த ஒராள், எங்கடை ஆக்களின்ரை குடும்ப விண்ணப்பங்களை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லி வைச்சிருந்தவராம். சட்டப்படி விட்டிருக்கவேணுமாம். அவர் மறிச்சுப்போட்டாராம். அதைத்தான் விசாரிச்சவையாம், பிரதமர் அதை மூடி மறைச்சவராம்."

"ஆர் ஆற்றை நல்ல பேர் கெட்ட பேரைப் பாத்தவையாம்?" என்றார் இவர்.

"ஒருதற்றை பேரையும் பாக்கேல்லை அப்பா. விண்ணப்பமெல்லாம் சும்மா கிடந்ததாம். எல்லாற்றையும் சேத்து."

இவர் எழும்பினார். குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கனநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த மனுசன் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்த ஒரே பாடம், அந்த நல்ல பேர், கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தேவைப்படவே இல்லை. என் பிள்ளை வாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் என் அனுமதி ஒரு நாள் முந்தியும் வந்திராது, ஒரு நாள் பிந்தியும் வந்திராது.

மகன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எதையாவது தூக்கி எறிந்திருந்தால்கூட நான் சந்தோசப்பட்டிருப்பேன். அவன் திரும்பி என்னைப் பார்த்து, கணக்குக்கு விடை சரிபார்க்கிற மாதிரிக் கேட்டான்.

"அப்ப நான் கதைச்சிருந்தாலும் நீங்கள் வந்திருப்பீங்கள், என்னம்மா?"

நான் ஓம் என்றேன்.